பயர்பாக்ஸ் திடீரென மூடிக்கொள்கிறதா? ஸ்னாப், டெப், பிளாட்பேக்: எது தாங்கும்?

சுங்கை சிப்புட்டில் சாயங்கால மழைக்கு முன்னால் டியூஷன் பிள்ளைகளின் லேப்டாப்கள் என் மேசைக்கு வந்து சேரும். பெரும்பாலும் ஈப்போவில் வாங்கிய பழைய சரக்கு. 4 ஜிபி ரேம், உபுண்டு 22.04 என்ற லினக்ஸ். போன மாதம் தோட்டத்து அக்கா ஒருவர் மகளுடைய லேப்டாப்பை நீட்டினார்: "தம்பி, பயர்பாக்ஸ் சொல்லாம கொள்ளாம மூடிக்குது. வேற ஏதாச்சும் போட்டுக் குடுங்க."

ஒரே பயர்பாக்ஸ் உபுண்டுவில் ஸ்னாப், டெப், பிளாட்பேக் என்று மூன்று வகைப் பொதியில், அதாவது நிறுவும் வடிவில், கிடைக்கும். வேறு போடுமுன் மூடியது யார் என்று பார்க்க வேண்டும். பயர்பாக்ஸ் தானாக விழுந்தால் மொசில்லாவின் கிராஷ் ரிப்போர்ட்டர் எட்டிப் பார்க்கும். முகவரிப் பட்டையில் 'அபவுட் கிராஷஸ்' (about:crashes) அடித்தால் பதிவும் இருக்கும். பட்டியல் காலி, ஆனால் ஜன்னல் மட்டும் மாயம் என்றால் வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள். ரேம் தீர்ந்தபின் லினக்ஸின் மையமான கெர்னல் கை வைத்தால் பெரும்பாலும் ஒரு டேப் சாகும். 22.04 முதல் உபுண்டு டெஸ்க்டாப்பில் வரும், ரேம் நெருக்கடியைக் கண்காணிக்கும் சிஸ்டம்டி ஊம்டி (systemd-oomd) அப்படியில்லை. நெருக்கடி கூடும்போதே, ரேம் முழுதும் தீர்வதற்குள், அந்தச் செயலியின் கூட்டத்தையே வாரிக்கொண்டு போய்விடும். கணினியின் பதிவேட்டைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் (journalctl) கட்டளையில் இரண்டும் தெரியும். இந்த வகைச் சாவுக்கு எந்தப் பொதியை மாற்றினாலும் பலன் இல்லை. அக்கா வீட்டுக் கதையும் இதுதான்.

மற்றபடி, மூன்றுக்கும் உண்மையிலேயே வித்தியாசம் உண்டு.

ஸ்னாப் உபுண்டுவோடு வருவது, அதனால் தனியாகப் போட வேண்டியதில்லை. ஆனால் அதன் அப்டேட் தன் இஷ்டத்துக்கு, ஒரு நாளைக்கு நான்கு தடவை தேடிப் போகும். எங்கள் லயத்தில் பாதிப் பேர் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறார்கள். மாதக் கடைசியில் டேட்டா எங்கே போனது என்று கேட்பார்கள். இணைப்பை மீட்டர்ட், அதாவது டேட்டாவை அளந்து செலவழிக்க வேண்டியது, என்று குறித்து, ஸ்னாப்பையும் அதற்கு மதிப்புக் கொடுக்கச் சொன்னால் கொஞ்சம் அடங்கும். பழைய ஹார்ட்டிஸ்க்கில் முதல் தடவை திறக்க ஆகும் நேரத்தில் பசியாறிவிட்டே வரலாம்.

டெப் தான் என் கட்சி. 2024 ஜனவரி முதல் மொசில்லாவே டெப் பொதிகளை இறக்கித் தரும் சொந்த ஏபிடி களஞ்சியம் வைத்திருக்கிறது. ஒரு கண்ணி மட்டும் கவனம்: உபுண்டுவின் 'பயர்பாக்ஸ்' டெப் ஸ்னாப்பை இழுத்துவரும் வெறும் கூடுதான், அதன் வெர்ஷன் எண் எப்போதும் பெரிதாகத் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். மொசில்லா களஞ்சியத்துக்கு முன்னுரிமை எழுதி வைக்காவிட்டால் அடுத்த அப்டேட்டில் ஸ்னாப் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். புக்மார்க்கும் பாஸ்வேர்டும் ஸ்னாப் ஃபோல்டருக்குள் தனியாக இருக்கும், முதலில் அவற்றைக் கொண்டுவந்த பிறகே ஸ்னாப்பை நீக்குங்கள். அவசரப்பட்டு நீக்கிவிட்டீர்களா? எல்லாவற்றையும் துடைத்தழிக்கும் 'பர்ஜ்' (--purge) போடாமல் நீக்கியிருந்தால் 31 நாள் வரை ஒரு நகல் காத்திருக்கும். உபுண்டுவை விட்டு லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸுக்குப் போய்விட்டால் இந்தத் தொல்லையே இல்லை, அங்கே டெப் தான் வழக்கம்.

பிளாட்பேக்கை நான் ஒரே ஒரு நோய்க்கு வைத்திருக்கிறேன்: வீடியோ ஓடும்போது, ஸ்க்ரோல் செய்யும்போது விழுகிற பயர்பாக்ஸ். அது தன் கிராஃபிக்ஸ் லைப்ரரியைத் தானே சுமந்து வருவதால், கணினியில் உள்ள மெஸா என்ற கிராஃபிக்ஸ் லைப்ரரியில் கோளாறு இருந்தால் தப்பித்துக்கொள்ளும். அதற்கும் முன்னால் செட்டிங்ஸில் ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷனை அணைத்துப் பாருங்கள், பல நேரம் அங்கேயே தீர்ந்துவிடும். முதல் தடவை அது ஓடத் தேவையான ரன்டைம் கோப்புகள் எல்லாம் சேர்த்து இறங்கும் அளவு பெரிது, ஹாட்ஸ்பாட்டில் வேண்டவே வேண்டாம்.

அக்காவின் லேப்டாப்புக்கு முதலில் ஸெட்ரேம் (zram) போட்டேன். அது ரேமுக்குள்ளேயே பக்கங்களைச் சுருக்கி வைக்கும். தேவையில்லாத எக்ஸ்டென்ஷன் நான்கைப் பிடுங்கினேன். மூடுவது அத்தோடு நின்றது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை, வேகத்துக்காக டெப்புக்கும் மாற்றிவிட்டேன்.

ஒரு வாரத்தில் மறுபடி வாசலில் நின்றார். "இப்ப மூடல தம்பி. புது டேப் தான் திறக்க மாட்டேங்குது." ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்டேட் ஆகிவிட்டால் டெப் இப்படித்தான் பழைய டேப்பை ஓடவிட்டு, புதிதைத் திறக்க மறுத்து ரீஸ்டார்ட் கேட்கும். மாற்றும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். "ஒரு தடவை மூடித் திறங்க அக்கா" என்றேன்.

"இதுக்கா மாத்துன?" என்றார்.