மொட்டைமாடியில் ஒரு விமான ரிசீவர்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓராண்டு அனுபவம்

கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குத் தென்மேற்கே, நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், பாலக்காட்டுக் கணவாயின் நடுவே இருக்கிறது கொழிஞ்சாம்பாறை. கேரள எல்லைக்குள் இருந்தாலும் கடைத்தெருவிலும் வீட்டிலும் தமிழே புழங்கும் ஊர். மலைகள் இருபுறமும் ஒதுங்கி நிற்பதால் இங்கே வானம் அகலமானது. விமானம் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அதைவிடப் பெரிய வசதி வேண்டியதில்லை. எனக்கு அந்தப் பழக்கம் சிறு வயதிலேயே தொற்றிக்கொண்டது. பெரிய ஜெட் விமானங்களைவிட, ஒற்றை எஞ்சினும் தலைக்கு மேலே இறக்கையும் கொண்ட சின்ன விமானங்கள்தாம் என்னை எப்போதும் இழுத்தன. அவற்றைத் தவறவிடாமல் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசையில்தான், விமானங்களின் சமிக்ஞையை வீட்டிலிருந்தபடியே பிடிக்கும் யூஎஸ்பி ரிசீவர் ஒன்றைச் சென்ற ஆண்டு இணையக் கடை ஒன்றில் வாங்கினேன். வாங்க நினைக்கும் பிற ஆர்வலர்களுக்குப் பயன்படட்டும் என்று, ஓராண்டில் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஏடிஎஸ்-பி என்னும் முறையில், விமானம் தான் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் மூலம் தானே அறிந்து, 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை அறிவித்துக்கொண்டே செல்கிறது. ஒவ்வோர் அறிவிப்பும் 120 மைக்ரோவிநாடிக்குள் முடிந்துவிடும். இந்த அறிவிப்பைக் கேட்டுக் கணினிக்குக் கொடுப்பதுதான் ரிசீவரின் வேலை. தொலைக்காட்சி பார்ப்பதற்காக வடிவமைக்கப்பட்ட ஆர்டிஎல்2832யூ என்ற சிப்பை வேறு வேலைக்கும் வளைக்கலாம் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்ததால்தான், ஒரு காலத்தில் பெரும்பொருள் செலவழித்து வாங்க வேண்டியிருந்த கருவி இன்று கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி, சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ரிசீவர், காந்த அடி வைத்த ஆன்டெனா, மூன்று மீட்டர் கேபிள் மூன்றுக்கும் சேர்த்து 4,800 ரூபாய் கொடுத்தேன். ராஸ்பெர்ரி பை கணினி ஏற்கெனவே வீட்டில் இருந்தது. சமிக்ஞையைப் படித்துத் திரையில் காட்டும் டம்ப்1090 என்ற மென்பொருள் இலவசம்.

ரிசீவரைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. அலுமினியக் கூட்டில் அடக்கமாக இருக்கிறது. நாள் முழுவதும் ஓடினால் கை வைக்கத் தயங்கும் அளவுக்குச் சூடாகிறது என்றாலும் ஓராண்டில் ஒருமுறைகூடத் தானாக நின்றதில்லை. குறை அதனோடு வந்த ஆன்டெனாவில் இருக்கிறது. கடையின் பக்கத்தில் விமானச் சமிக்ஞைக்கு ஏற்றது என்று எழுதியிருந்தார்கள். பெட்டியைத் திறந்தால் தொலைக்காட்சிக்கான பொது ஆன்டெனாவை வைத்திருந்தார்கள். மாற்றித் தரக் கேட்டு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அந்த ஆன்டெனாவைச் சன்னலோரம் வைத்துப் பார்த்த முதல் நாளில் திரையில் தெரிந்தவை நான்கே விமானங்கள். அவையும் 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் மறைந்துபோயின.

இந்த இடத்தில்தான் பலர் மனம் தளர்ந்து கருவியை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். 1090 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 27.5 சென்டிமீட்டர், அதில் நான்கில் ஒரு பங்கு 6.9 சென்டிமீட்டர். வீட்டு வயரிங்கில் மிச்சமான செம்புக் கம்பியை அந்த அளவுக்கு ஐந்து துண்டுகளாக வெட்டி, ஒன்றைக் கேபிள் செருகும் சாக்கெட்டின் நடுவில் நிமிர்த்திப் பற்றவைத்து, மற்ற நான்கையும் சுற்றிலும் கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்தினால் நல்ல ஆன்டெனா தயார். நூற்பாலையில் முப்பது ஆண்டு ஃபிட்டராக இருந்த அப்பா, தன் பழைய எஃகு அளவுகோலைக் கொண்டுவந்து ஒவ்வொரு துண்டையும் தானே அளந்தார். நான் வெட்டியவற்றில் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. “அளவுன்னா அளவு இருக்கணும், கண்ணு” என்று சொல்லி, அரத்தால் தேய்த்துச் சரிசெய்த பிறகுதான் என்னைப் பற்றவைக்க விட்டார்.

அடுத்தது கேபிள். மெல்லிய கேபிளில் 10 மீட்டர் இழுத்தால் இந்த அலைவரிசையில் 6 டெசிபெல் அளவுக்கு இழப்பு வரும். அதாவது ஆன்டெனா பிடித்த சமிக்ஞையில் கால் பங்குதான் ரிசீவரை எட்டும். இதற்கு டிஷ் ஆன்டெனாவிலிருந்து வீட்டுக்குள் இழுக்கும் ஆர்ஜி-6 கேபிளே போதுமானது. விலை குறைவு, இழப்பும் குறைவு, எந்த ஊர் மின்சாதனக் கடையிலும் கிடைக்கும். 75 ஓம் மின்மறுப்பு உள்ள இந்தக் கேபிளை 50 ஓம் கருவியோடு சேர்க்கலாமா என்று நானும் தயங்கினேன். அதனால் ஏற்படும் இழப்பு மிகச் சிறியது, பொருட்படுத்த வேண்டியதில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இரும்புக் குழாய் நட்டு ஆன்டெனாவை ஏற்றிய அன்று மாலை, திரையில் ஒரே நேரத்தில் 38 விமானங்கள் இருந்தன. ரிசீவர் அதேதான், மாறியது ஏழு சென்டிமீட்டர் கம்பியும் கேபிளும் உயரமும் மட்டுமே. பணத்தை எங்கே செலவழிப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: விலை கூடிய ரிசீவரைத் தேடாதீர்கள், ஆன்டெனாவை உயரத்தில் ஏற்றுங்கள். வீட்டுக்கு அருகே கைப்பேசிக் கோபுரம் இருந்தால் மட்டும், 1090 மெகாஹெர்ட்ஸை மட்டும் உள்ளே விட்டு மற்றவற்றைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தின் சமிக்ஞை, பூமியின் வளைவு மறைக்கும்வரை, 400 கிலோமீட்டருக்கும் சற்று அப்பால் வரை வர முடியும். கணவாய் ஊரில் அந்தக் கணக்கு எல்லாத் திசைக்கும் ஒன்றாகப் பொருந்துவதில்லை. கிழக்கே தடை இல்லாததால் நாகப்பட்டினம் கரையைத் தாண்டும் விமானம்கூடத் தெரிகிறது. மேற்கே பொன்னானிக் கரைக்கு அப்பால், அரபிக்கடல் மீது வளைகுடா நாடுகளிலிருந்து கொச்சிக்கும் கரிப்பூருக்கும் வரிசையாக வரும் விமானங்களைப் பின்னிரவில் பார்க்கலாம். தெற்கிலோ நெல்லியாம்பதியும் ஆனைமலையும் சுவராக நிற்பதால் 200 கிலோமீட்டரோடு முடிந்துவிடுகிறது. வடக்கே நீலகிரியும் தன் பங்குக்கு மறைக்கிறது. ஒரு மாதம் பதிவான எல்லைப் புள்ளிகளை வரைபடத்தில் சேர்த்தபோது, கிழக்கு மேற்காக நீண்டு இடுப்பில் ஒடுங்கிய ஒரு வடிவம் வந்தது. நான் பிறந்து வளர்ந்த கணவாயின் உருவத்தை ரேடியோ அலைகளே வரைந்து காட்டியதைப் போல இருந்தது. அந்தத் தாளை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

காற்றையும் இந்தக் கருவி காட்டிக்கொடுக்கிறது. விமானங்கள் எதிர்க்காற்றில் ஏறி இறங்குவதையே விரும்புகின்றன. கோயம்புத்தூரின் ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காக, 05 என்றும் 23 என்றும் இரு முனைகளில் எண்ணிடப்பட்டிருக்கிறது. ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து பனைகளை வளைத்துக்கொண்டு வீசும்போது, அங்கே கிளம்பும் விமானங்கள் தென்மேற்கு நோக்கி, எங்களை நோக்கியே எழுகின்றன; தங்கள் பாதைக்குத் திரும்புவதற்கு முன் சில எங்கள் ஊர் வானத்தின் ஓரம்வரை வந்துவிடுகின்றன. திரையைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அதில் காட்டப்படும் உயரம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற பொதுவான காற்றழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டது. அன்றைய அழுத்தம் மாறினால் அந்த எண்ணும் உண்மையான உயரத்திலிருந்து சில நூறு அடி விலகும். தாழப் பறக்கும் விமானத்தைப் பற்றி அக்கம்பக்கத்தில் வாதம் வரும்போது இது தெரிந்திருந்தால் நல்லது.

ஒவ்வொரு விமானத்துக்கும் உலகிலேயே தனித்த 24 பிட் எண் ஒன்று உண்டு. அது 80 எனத் தொடங்கினால் இந்தியாவில் பதிவானது. 770 என்றால் இலங்கை. 896 என்றால் ஐக்கிய அரபு அமீரகம். சில வாரங்களில் இவை கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. இந்திய விமானங்களின் பதிவெழுத்துகளில் முதலில் நிற்கும் விடி (VT) என்ற இரண்டு எழுத்துகளைப் பார்க்கும்போதெல்லாம், 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு ஓட்டி வந்த விடி-ஏடிஎன் நினைவுக்கு வருகிறது. அது மேலிறக்கையும் ஒற்றை எஞ்சினும் கொண்ட புஸ் மாத் (Puss Moth) ரக விமானம். அடுத்த மூன்று ஆண்டுகளில், 1935இல், டாடாவின் விமானச் சேவை திருவனந்தபுரம்வரை நீண்டது. மேலைக் கரைக்கு வான்வழித் தபாலைக் கொண்டுவந்தவை இப்படிப்பட்ட சின்ன விமானங்களே.

அந்தச் சின்ன விமானங்களைத்தான் இந்தப் பெட்டி தவறவிடுகிறது. ஏடிஎஸ்-பி கருவி இல்லாத விமானம் தன் இடத்தைச் சொல்லாது. பழைய பயிற்சி விமானங்கள் பலவற்றில் அது இல்லை. போர் விமானங்கள் வேறு காரணத்துக்காக மௌனமாகப் பறக்கின்றன. 2018 முதல் தேஜஸ் படையணி தங்கியிருக்கும் சூலூர் எங்களிடமிருந்து 50 கிலோமீட்டருக்குள்தான். ஓசை சில நாட்களில் வருகிறது, திரையில் எதுவும் வருவதில்லை. அது அப்படி இருப்பதே முறை, அதில் எனக்கு வருத்தமில்லை. சின்ன விமானங்களைக் குறித்துத்தான் வருந்துகிறேன், ஏனென்றால் அவற்றுக்காகவே வாங்கினேன்.

தை மாதத்தில் ஒரு நாள் காலை ஏழு மணி இருக்கும். திரையின் பட்டியலில் 80 எனத் தொடங்கும் ஓர் எண் வந்தது. உயரம் 3,500 அடி. இடம், திசை, வேகம் மூன்றும் வெற்றாக இருந்தன. விமானத்தில் தன் எண்ணையும் உயரத்தையும் சொல்லும் மோட்-எஸ் டிரான்ஸ்பாண்டர் இருக்கிறது, ஏடிஎஸ்-பி இல்லை என்பது அதன் பொருள். பைனாகுலரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். பனி விலகாத கிழக்கு வானத்தில் முதலில் ஓசைதான் வந்தது: ஜெட்டின் இரைச்சலாக இல்லாமல், பம்புசெட் ஓடுவதைப் போன்ற சீரான துடிப்பு. பிறகு, வேலந்தாவளம் பக்கத்துத் தென்னைகளுக்கு மேலே சின்னஞ்சிறு சிலுவையாகத் தெரிந்தது. மேலிறக்கை, அதைத் தாங்கும் சாய்ந்த கம்பி, மடக்க முடியாத மூன்று சக்கரங்கள். செஸ்னா 172 என்றே நினைக்கிறேன். 1955இல் முதன்முதலாகப் பறந்து, இன்றுவரை 44,000க்கும் மேல் கட்டப்பட்ட அந்த ரகத்தில் ஒன்று, எங்கள் தலைக்கு மேலே வெயில் பட்டு மின்னியபடி மேற்கே போனது. பதிவெழுத்துகளைப் படிக்க முடியவில்லை. கீழே வந்தபோது திரையில் அந்த எண் இன்னும் இருந்தது. வரைபடத்தில் மட்டும் விமானமே இல்லை. ஆனால் அந்த ஒரு வரி வராவிட்டால் நான் மாடிக்குப் போயிருக்கவே மாட்டேன்.

கைப்பேசியில் விமானங்களைக் காட்டும் செயலிகள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் செயலிகள் காட்டுவதே பெருமளவு இப்படி வீடுகளில் இருக்கும் ரிசீவர்கள் அனுப்பும் தகவலைத்தான். 2006இல் சுவீடனில் இரண்டு ஆர்வலர்கள் தொடங்கிய ஃபிளைட்ரேடார்24, தகவல் அனுப்புபவர்களுக்குத் தன் உயர்நிலைச் சந்தாவை இலவசமாகவே தருகிறது. கருவிக்குப் போட்ட பணத்தில் ஒரு பகுதி அதிலேயே திரும்பிவிடும். இருந்தாலும் எனக்கு முக்கியமானது வேறு: உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் செயலியில் மறைக்கப்படும் விமானமும், மேலே சொன்ன இடமற்ற வரியும், சொந்த ரிசீவரில்தான் அப்படியே வருகின்றன.

ஒரு முன்னெச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். துலாவருஷம் என்னும் வடகிழக்குப் பருவமழைக் காலத்து மதிய இடி இந்தப் பக்கம் கடுமையானது. சென்ற ஐப்பசியில் ஒரு மின்னல் பக்கத்துத் தோப்பில் விழுந்தபோது ரிசீவரின் உள்ளீட்டுப் பகுதி செத்துப்போனது. விமானங்களின் எண்ணிக்கை ஒரே கணத்தில் சுழியானது. இரண்டாவது ரிசீவர் வாங்கியபோது, குழாயைப் பூமியோடு இணைத்து, கேபிளில் மின்னல் தடுப்பானும் போட்டேன். அதற்குப் பிறகும் கிழக்கே கருக்கத் தொடங்கினால் அம்மா முதலில் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் துணியை எடுக்கப் போகிறார்.

இடம் சொல்லாத சின்ன விமானத்தையும் வரைபடத்தில் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது. ஒரே சமிக்ஞையைக் குறைந்தது நான்கு வீடுகளின் ரிசீவர்கள் பிடித்தால், அது ஒவ்வொன்றையும் எட்டிய நேர வேறுபாட்டைக் கொண்டு விமானம் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். எம்லாட் என்று அதற்குப் பெயர். கணவாயில் என் ஒருவனுடைய ஆன்டெனாவை வைத்து அது நடக்காது. பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, பாலக்காடு, சித்தூர் பக்கத்தில் ரிசீவர் வைத்திருக்கும் ஆர்வலர்கள் இருந்தால், இருப்பதை எம்லாட்டில் இணையுங்கள். புதிதாக வாங்குபவர்களுக்கு ஆன்டெனாக் கம்பியை அளந்து வெட்டித் தர அப்பா தயாராக இருக்கிறார்.