கொழும்பின் மூன்று பாதைகளும் வராமற்போன ரயிலும்

காலை ஏழரை மணிக்கு வெள்ளவத்தை ஸ்டேஷனில் நின்றால் கடல் இரைச்சலில் அறிவிப்பு பாதிதான் கேட்கும். மேடைத் தூணில் கை வைத்தால் துரு ஒட்டும். பாணந்துறைப் பக்கமிருந்து வரும் பவர் செட் (தனி எஞ்சின் இல்லாத டீசல் ரயில்) மிதிபலகை வரை நிறைந்துதான் வரும். அன்றைக்கு அது புறப்பட்டுச் சற்று நேரத்தில் ஓர் அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார். "கோச்சி போட்டுதே தம்பி?" போய்விட்டது என்றேன். அடுத்தது எத்தனை மணிக்கு என்று அவர் கேட்கவேயில்லை. திரும்பி மரைன் டிரைவ் பக்கம் ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார்.

நகர ரயில் பற்றிய விவாதம் முழுவதையும் நான் அந்த அம்மாவை வைத்துத்தான் பார்க்கிறேன். அடுத்த வண்டி ஐந்து நிமிடத்தில் வரும் என்று தெரிந்திருந்தால் நின்றிருப்பார். ஏற்கெனவே கிடக்கும் தண்டவாளங்களில் அப்படியொரு சேவையை ஓட்ட முடியுமா, எதில் முதலில் ஓட்டுவது?

பாதைகள் மூன்று. கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ராகம, கம்பஹா, வேயங்கொடை என்று வடக்கே போகும் பிரதான பாதை. தெற்கே பாணந்துறை, களுத்துறை என்று போகும் கரையோரப் பாதை. மருதானையில் பிரிந்து நுகேகொடை, மஹரகம, ஹோமாகம வழியாக அவிசாவளைக்குப் போகும் களனிவெளிப் பாதை. ராகமையில் பிரிந்து கட்டுநாயக்க, நீர்கொழும்பு என்று போகும் புத்தளம் பாதையும் உண்டு; அது விமான நிலையக் கதையோடு சேர்வதால் இங்கே விட்டுவிடுகிறேன். கந்தோருக்குப் போகிறவர்களை நினைத்து இவற்றில் ஒன்றையும் போடவில்லை. 1860களில் பிரதான பாதையை இழுத்தது மலைநாட்டுக் கோப்பி. களனிவெளிப் பாதையோ 1902இல் அவிசாவளையைத் தொட்டபோது இரண்டரை அடி அகலக் குறுகிய பாதை.

மின்மயமாக்கல் என்றதும் எல்லாரும் முதலில் கை காட்டுவது கரையோரப் பாதையைத்தான். காரணம் இருக்கிறது. நகர எல்லைக்குள் முழுக்க இரட்டைப் பாதை; ஐந்தரை அடி அகலப் பாதை. வேயங்கொடையிலிருந்து பாணந்துறை வரை, பிரதான பாதையையும் சேர்த்து ஒரே நீட்டாக மின்மயமாக்குவது பல வருடங்களாகப் பேசப்பட்டுவரும் யோசனை. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வரும் பாதையில் டீசல் வண்டி வேகம் பிடிப்பதற்குள் பிரேக் போட வேண்டியிருக்கிறது. மின்சார வண்டி சட்டென்று எடுத்து சட்டென்று நிற்கும். அதே தண்டவாளத்தில் கூடுதல் வண்டிகளை நெருக்கி விடலாம்.

ஆனால் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஒரு குறை கண்ணைக் குத்தும். வெள்ளவத்தை ஸ்டேஷனைச் சுற்றிப் பத்து நிமிட நடைத் தூரத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். பாதி வட்டம் கடலுக்குள் விழும். மீன் டிக்கெட் எடுக்காது. அரை வட்டத்து மக்களை நம்பி ஓடும் பாதை இது. அந்த அரை வட்டத்திலும் காலி வீதியில் பஸ்ஸும் மரைன் டிரைவில் ஆட்டோவும் பங்குக்கு நிற்கின்றன.

அதே கடல் இன்னொரு பக்கத்தில் உதவியும் செய்கிறது. பாதையின் மேற்கே போக இடமில்லாததால் கொள்ளுப்பிட்டிக்கும் தெஹிவளைக்கும் இடையில் வாகனம் கடக்கும் கேட்டுகள் மிகக் குறைவு. இது எவ்வளவு பெரிய வரம் என்பது களனிவெளிப் பாதைக்குப் போனால்தான் புரியும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி, இரு திசையிலும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு இருபத்து நான்கு வண்டி. ஒவ்வொன்றுக்கும் கேட் இரண்டு நிமிடம் மூடினால், சந்திப்பில் இரண்டு வண்டி ஒன்றாகக் கடக்கும் சமயங்களைக் கழிக்காவிட்டால், நாற்பத்தெட்டு நிமிடம் வீதி அடைபட்டுக் கிடக்கும். கொட்டா வீதியிலோ நாரஹேன்பிட்டியிலோ கேட் ஒருமுறை விழும்போதே பின்னால் எவ்வளவு வாகனம் சேர்கிறது என்று பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே களனிவெளியில் வெறுமனே வண்டியைக் கூட்ட முடியாது. அது ஒற்றைப் பாதை. எதிர்வண்டி வரும்வரை நிலையத்தில் காத்துக் கிடக்க வேண்டும். 1990களில் அகலப் பாதையாக மாற்றினாலும் குறுகிய பாதைக்காக வெட்டிய வளைவுகள் பெரும்பாலும் அப்படியே தங்கிவிட்டதால் வண்டி தவழ்ந்துதான் போகும். தண்டவாளத்தோடு ஒட்டி வீடுகள். பல இடங்களில் துணி காயும் கொடிக்கும் ஜன்னலுக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. நகரப் பகுதியைத் தூண்மேல் தூக்கி இரட்டைப் பாதை ஆக்குவதுதான் வழி என்று சொல்லப்பட்டு வந்ததற்கு இவைதான் காரணம். அதற்குப் பணம் வேண்டும். அந்த வீடுகளில் இருப்பவர்களுக்கு முதலில் மாற்று வீடு வேண்டும். பின்னதைச் சரியாகச் செய்யாமல் முன்னதைத் தொடக்கூடாது.

இத்தனை குறையோடும் என் ஓட்டு களனிவெளிக்குத்தான். இங்கே வட்டம் முழு வட்டம். ஹைலெவல் வீதியை ஒட்டியும் விலகியும் போகும் பாதை. இரண்டு பக்கமும் ஆட்கள், பாடசாலைகள், கடைகள். பின்னேரம் புறக்கோட்டையில் 138 பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், அந்தப் பாதைக்குப் பயணி கிடைப்பாரா என்று கேட்கமாட்டார்கள். பெரிய காசு கிடைத்தால் அது இங்கே போக வேண்டும். கரையோரத்துக்கும் பிரதான பாதைக்கும் முதலில் வேண்டியது அதைவிடச் சின்னக் காசு: சிக்னல், வண்டி, ஒழுங்கான அட்டவணை, பிறகு மின்கம்பி.

மின்கம்பி என்றதும் உப்பு ஞாபகம் வருகிறது. தூணைத் தின்னும் காற்று, கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டரையும் விடாது. உப்புப் படிந்தால் மின்சாரம் கசியும். அடிக்கடி கழுவ வேண்டும். கம்பியே வேண்டாம், நிலத்தோடு மூன்றாவது தண்டவாளத்தில் மின்சாரம் கொடுக்கலாம் என்பார்கள் சிலர். பின்னேரத்தில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகத் தண்டவாளத்தைக் கடந்து கடலுக்குப் போகும் ஊரில் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.

மூன்று பாதைக்கும் பொதுவான முடிச்சு மருதானைக்கும் கோட்டைக்கும் இடையில் இருக்கிறது. யாழ்ப்பாண வண்டி, பதுளை வண்டி, மாத்தறை வண்டி, புறநகர் வண்டி எல்லாம் அந்தச் சின்ன இடத்துக்குள் வந்து சேர வேண்டும். சென்னையில் 1931இலேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. உள்ளூர் வண்டிக்குத் தனித் தடம் இருந்ததுதான் அதன் பலம். அதே சென்னையில் 1995இல் தொடங்கிய பறக்கும் ரயிலின் நிலையங்கள் மாளிகை போல் பெரிதாக இருந்தும், இறங்கியதும் பஸ் பிடிக்க அல்லாட வேண்டியிருந்ததால் நெடுங்காலம் காற்றாடிக் கிடந்தன. களனிவெளியைத் தூக்கிக் கட்டுகிறவர்கள் அந்தப் படிக்கட்டுகளை ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு வரலாம்.

இனி இலகு ரயில், அதாவது நகருக்குள் புதிதாகத் தடம் போட்டு ஓட்டும் சிறிய மின்சார ரயில். ஜப்பான் கடனில் கோட்டையிலிருந்து மாலபே வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர், 16 நிலையங்கள் என்று திட்டமிட்டு, 2020 செப்டெம்பரில் செலவு அதிகம் என்று நிறுத்தினார்கள். "இருக்கிற தண்டவாளத்தைத் திருத்தினால் போதும், இது எதற்கு?" என்ற வாதம் எனக்கு ஒட்டவில்லை. ராஜகிரிய, பத்தரமுல்லை, மாலபே பக்கம் திருத்துவதற்குத் தண்டவாளம் எங்கே இருக்கிறது? அரச அலுவலகங்கள் அங்கே போய்விட்டன, பாதை போகவில்லை. களனிவெளிக்கு அது போட்டியே இல்லை.

வீதியில் பஸ்ஸுக்கென்று தனியாகக் கோடு போட்டு ஒதுக்கும் பஸ் ஒழுங்கை எல்லாவற்றையும்விட மலிவு, நாளைக்கே தொடங்கலாம். ஆனால் தனியார் பஸ்ஸும் அரச பஸ்ஸும் ஒரே தரிப்பிடத்தில் ஒரே பயணிக்காக மல்லுக்கு நிற்கும்வரை, கோடு போட்ட ஒழுங்கையும் தரிப்பிடமாகத்தான் ஆகும்.

இதையெல்லாம் கொட்டாஞ்சேனையில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் விவரித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதில எங்கட பக்கம் எது வருது?" என்றார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இத்தனை சனம் நெருங்கி வாழும் அந்த இடத்தை இந்த மூன்று பாதைகளும் தொடவில்லை. மாலபே ரயிலும் தொட்டிருக்காது. நான் பதில் யோசிப்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது.