சபாவா, நந்தனமா, மாட வீதியா?

கோவில்பட்டியில் இருக்கும் என் அக்கா வருடத்துக்கு ஒரு தடவைதான் சென்னைக்கு வருவாள். அதுவும் ஒரு வாரம். அதற்கு மேல் அத்தானின் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. ஐப்பசி பிறந்ததும் போன் வந்துவிடும். "தம்பி, இந்தத் தடவ எப்ப வந்தா தோதுப்படும்?"

நான் மந்தைவெளிவாசி. கபாலி கோயிலுக்கு நடந்து போகலாம், சபாக்களுக்கு ஆட்டோ, நந்தனத்துக்கு ஒரு பஸ். அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாக அவள் நம்புகிறாள். "எல்லாமே நல்லாத்தான் இருக்கும்" என்று நழுவவும் முடியாது. சபாக்களில் நடக்கும் மார்கழி சங்கீத சீசன், நந்தனம் புத்தகக் காட்சி, மயிலாப்பூர் பங்குனித் திருவிழா என்று மூன்றையும் வேறு வேறு வருடங்களில் அவளே பார்த்திருக்கிறாள். அவளோடு அலைந்து கண்டதை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் தேதி. ரயில் டிக்கெட் எடுக்கிறவர்களுக்கு அதுதானே முக்கியம்! தேதியில் தொல்லை தராதது மார்கழி சீசன்தான். மியூசிக் அகாடமியின் கச்சேரிகள் டிசம்பர் 15 வாக்கில் தொடங்கி ஜனவரி 1 வரை நடக்கும், 3-ஆம் தேதி வாக்கில் நாட்டிய விழா. மற்ற சபாக்கள் இதற்கு முன்னாலேயே ஆரம்பித்திருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையும் இதற்குள் வந்துவிடுகிறது. புத்தகக் காட்சியை அப்படி நம்ப முடியாது. பொங்கலை ஒட்டி நடக்கும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் 2025-க்கான காட்சி 2024 டிசம்பர் 27-இலேயே தொடங்கி, ஜனவரி 12-இல் பொங்கலுக்கு முன்பே முடிந்தது. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அது தள்ளிப்போய், 2016 ஜூன் வெயிலில் தீவுத்திடலில் நடந்தது. பங்குனித் திருவிழாவோ நட்சத்திரக் கணக்கு. மார்ச்சிலும் வரும், ஏப்ரலிலும் வரும். அந்த நேரத்தில்தான் பொதுத் தேர்வும், கடைக்காரர்களுக்கும் அலுவலகக்காரர்களுக்கும் வருடக் கணக்கு முடிப்பும். மூன்றிலும் எனக்குப் பிடித்தது ஊரே லீவு போட முடியாத நாளில் வருகிறது.

சரி, சீசனுக்கு வருவோம். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. கூட்டத்துக்கு வந்தவர்களுக்காகப் பாடிய டிசம்பர் மாதம் அப்படியே பழக்கமாகி, இன்று நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, பிரம்ம கான சபா, வாணி மகால் என்று நகரம் முழுக்கப் பரவிவிட்டது. காலை எட்டு மணி விரிவுரையிலிருந்து ராத்திரி பத்து மணி மங்களம் வரை எங்கேயாவது ஒரு மேடையில் யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள்.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்பு, பெரிய வித்வானின் ராத்திரிக் கச்சேரிக்கு டிக்கெட் தேடி அலைவது. அது கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும், இரண்டரை மணி நேரம் பழக்கமில்லாமல் உட்கார்ந்திருப்பது அதைவிடக் கஷ்டம். பல சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்குக் கட்டணமே கிடையாது. வளர்ந்துவரும் இளைஞர்கள் ஒன்றரை மணி நேரம் பாடுவார்கள். பேர் எடுத்தாக வேண்டும் என்ற வேகத்தில் அந்தக் குரல்களில் ஒரு பசி இருக்கும். முன்வரிசையில் உட்காரலாம், பிடிக்கவில்லையென்றால் பாட்டு முடிந்ததும் எழுந்து போகலாம். (பாட்டின் நடுவில் வேண்டாம். ஒருமுறை அப்படி எழுந்தபோது பக்கத்து சீட் மாமா பார்த்த பார்வை இன்னும் ஆறவில்லை.)

அக்காவைக் கூட்டிப்போன முதல் கச்சேரியில் ஒன்று நடந்தது. பாடகர் மெயின் உருப்படியை முடித்தார், மிருதங்கத்தைத் தனியாக வாசிக்க விட்டார், தனி ஆவர்த்தனம் என்பார்கள். அரங்கில் பாதிப்பேர் எழுந்து கேன்டீன் பக்கம் நடந்தார்கள். அக்கா திகைத்துப்போய்க் கேட்டாள், "அந்த மிருதங்கக்காரர் என்னப்பா பாவம் செஞ்சாரு?" என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. சீசனின் மேதைமையும் முரட்டுத்தனமும் ஒரே அரங்கில் அடுத்தடுத்த நிமிடங்களில் தெரியும் இடம் அது.

இன்னொன்றும் அவளுக்கு உறுத்தியது. இரண்டு மணி நேரத்தில் முழுதாகப் புரிந்த பாட்டுகள் கடைசியில் வந்த இரண்டு சின்னத் தமிழ்ப் பாட்டுகள்தான். அவற்றுக்குத் துக்கடா என்று பெயர். மற்றவை பெரும்பாலும் தெலுங்கு, சமஸ்கிருதம். இந்த உறுத்தல் புதிதல்ல. 1940-களில் இதே கேள்வியிலிருந்துதான் தமிழிசை இயக்கம் கிளம்பியது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943-இல் தமிழ் இசைச் சங்கம் அமைந்தது. பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் டிசம்பரில் அவர்களுடைய விழா நடக்கிறது, பண் ஆராய்ச்சியும் உண்டு. மயிலாப்பூர், தி. நகர் சபாக்களையே சுற்றும் கூட்டம் அந்தப் பக்கம் அவ்வளவாக எட்டிப் பார்ப்பதில்லை. பாட்டின் சொல் புரிய வேண்டும் என்கிறவர்கள் அங்கே தொடங்கலாம் என்பது என் யோசனை.

சபா கேன்டீன் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த ஒப்பீடே செல்லாது. கச்சேரிக்கு டிக்கெட் இல்லாதவர்களும் போய்ச் சாப்பிடலாம். வாழையிலைச் சாப்பாடு, கீரை வடை, அசோகா அல்வா, டிகிரி காபி என்று தினம் ஒரு பட்டியல். விலை ஓட்டலைவிடக் குறைவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாப்பாட்டில் மற்ற இரண்டும் சீசனுக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது. அங்கே வருகிறவர்களில் ஒரு பகுதி ராகம் கேட்க வரவில்லை, ரசம் சாப்பிடத்தான் வருகிறது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

புத்தகக் காட்சியில் நிலைமை தலைகீழ். கச்சேரிக்கு உட்காரத் தெரிந்தால் போதும், இங்கே நடக்கத் தெரிய வேண்டும். 1977-இல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆசம் பள்ளியில் 22 அரங்குகளோடு தொடங்கியது இது. இடம் மாறி மாறி இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில், சுமார் 900 அரங்குகளோடு நிற்கிறது. எல்லா வரிசையையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று புறப்படுகிறவர்கள் மூன்றாவது வரிசையில் ஜூஸ் கடையைத் தேடுவார்கள்.

எல்லா அரங்கிலும் பத்து சதவீதக் கழிவு உண்டு. "ஆன்லைன்லயும்தான் தள்ளுபடி தர்றாங்க, இதுக்கு ஏன் போகணும்?" என்று அக்கா மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. விலைக்காகப் போகிறவர்களுக்கு அங்கே பெரிய லாபமில்லை. ஆனால் என்ன தேட வேண்டும் என்றே தெரியாத புத்தகம் ஒன்று கையில் கிடைப்பது இங்கேதான். சாகித்திய அகாதெமி, நேஷனல் புக் டிரஸ்ட், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் போன்ற அரங்குகளில் பழைய பதிப்புகள் இன்றைய விலைவாசிக்குச் சம்பந்தமே இல்லாத விலையில் கிடக்கும். மூலை அரங்குகளில் சின்னப் பதிப்பாளர்கள் தாங்களே பில் போட்டுக்கொண்டிருப்பார்கள். "இவரோட முதல் கதைத் தொகுப்பு இருக்கா?" என்று கேட்டால், அது ஏன் தீர்ந்துபோனது, அடுத்த பதிப்பு எப்போது என்பது வரை சொல்வார்கள். எழுத்தாளர் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பதும் உண்டு. சபா மேடைக்கும் நாற்காலிக்கும் நடுவே இருக்கும் தூரம் இங்கே கிடையாது.

சமையல், ஜோதிடம், போட்டித் தேர்வு, பிள்ளைகளுக்கான வரைபடம் இவற்றுக்கு முன்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்து இலக்கியக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது பிடிக்கும். ஒரே வாசலில் இத்தனை வகை ஆட்கள் நுழையும் பண்பாட்டு நிகழ்ச்சி நகரத்தில் வேறு எத்தனை இருக்கிறது? உள்ளே சாப்பாடு மட்டும் சுமார்தான், பஜ்ஜியின் சூட்டை நம்பலாம், சுவையை நம்ப வேண்டாம். சனி, ஞாயிறு சாயங்காலம் போகவே போகாதீர்கள். வேலை நாள் பிற்பகல் போனால் காற்றாடும். மெட்ரோவிலும் நந்தனம் நிலையம் உண்டு. வாங்கியதைத் தூக்குவதுதான் பாடு. போன தடவை அக்காவின் பெட்டியைக் கோவில்பட்டியில் இறக்கிய அத்தான், "கல்லு எதுக்கு வாங்கிட்டு வந்த?" என்று கேட்டாராம்.

இனி மாட வீதி. கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழா பத்து நாள். மூன்றாம் நாள் காலை அதிகார நந்தி, ஐந்தாம் நாள் ராத்திரி வெள்ளி ரிஷபம், ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்து மூவர், கடைசியில் திருக்கல்யாணம். இதில் எட்டாம் நாளுக்குத்தான் ஊர் திரளும். காலையில் குளக்கரையில் பூம்பாவையை உயிர்ப்பித்த நிகழ்ச்சி. பாம்பு தீண்டி இறந்த பெண்ணின் சாம்பல் இருந்த குடத்தின் முன் சம்பந்தர் பாடினார் என்பது கதை. ஏழாம் நூற்றாண்டின் அந்தப் பதிகத்தில் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மயிலையின் விழாக்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றையும் சொல்லி, இதைக் காணாமல் போவாயோ பூம்பாவாய் என்று கேட்கிறார். செத்துப்போன பெண்ணைத் திரும்பக் கூப்பிட அவர் காட்டிய ஆசை, ஊர்த் திருவிழாக்கள்! எங்கள் வட்டாரத்தின் முதல் நிகழ்ச்சி நிரல் அதுதான் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு. அக்கா வருடா வருடம் கேட்கிற கேள்விக்கும் அவர் பதில் சொல்லி வைத்திருக்கிறார்.

மதியம் மூன்று மணிக்குப் புறப்பாடு. நாயன்மார்களின் செப்புத் திருமேனிகள் நாலு நாலாகப் பல்லக்குகளில் வரும். கபாலி, கற்பகாம்பாளோடு கோலவிழி அம்மன், முண்டகக்கண்ணி அம்மன் என்று சுற்றுவட்டாரத் தெய்வங்களும் சேர்ந்துகொள்ளும். திருவள்ளுவரும் வாசுகியும்கூட வருவார்கள். வெயில் தலையைப் பிளக்கும், தார் ரோடு செருப்பில்லாத காலைச் சுடும். ஆனால் பத்தடிக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல். மோர், பானகம், சுண்டல், புளியோதரை, குழந்தைக்கு பிஸ்கட், பெரியவர்களுக்கு விசிறி என்று யாரோ யாருக்கோ கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். வாங்குகிறவனைப் பேர் கேட்பதில்லை, சாமி கும்பிடுகிறவனா என்றும் கேட்பதில்லை. அக்கா இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றாள். மூட்டுவலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, இரண்டு நாள் கழித்துத்தான் பேசினாள்.

இசையில் சீசனையே ஜெயிப்பது இந்தத் திருவிழாதான் என்று சொன்னால் சபாக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் சொல்கிறேன். சபாவில் நாகஸ்வரம் பெரும்பாலும் விழாத் தொடக்கத்தில் மங்கல இசையோடு சரி. மாட வீதியில் அதுதான் ராஜா. சாமி வாசலைத் தாண்டும்போது, புறப்பாட்டுக்கென்றே வாசிக்கிற மல்லாரி எழும்பும். ஐந்தாம் நாள் நடுராத்திரி, கூட்டம் கலைந்த பிறகு, தூக்குகிறவர்களின் தோளில் ரிஷபம் அசைந்து அசைந்து வர, தவிலும் நாகஸ்வரமுமாகத் தெருவிலேயே நின்று ஓர் ஆலாபனை நீளும். டிக்கெட்டும் இல்லை, நாற்காலியும் இல்லை. தவில் தனியாக வாசிக்கும்போது யாரும் கேன்டீனுக்குப் போவதும் இல்லை!

குறையும் உண்டு. எட்டாம் நாள் நெரிசல் விளையாட்டல்ல. கைக்குழந்தையோடு போகாதீர்கள். நகை வேண்டாம், போனைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள், கழற்றிய செருப்பு திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கூட்டம் ஆகாதவர்களுக்கு எட்டாம் நாளை விட்டுவிட்டு ஐந்தாம் நாள் ராத்திரியையே சொல்வேன்.

மற்ற விழாக்களைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று கேட்பீர்கள். பொங்கல் சமயத்தில் நடக்கும் சென்னை சங்கமம் நல்ல போட்டியாளர். 2007-இல் தொடங்கி, நடுவில் நின்றுபோய், 2023-இல் திரும்ப வந்தது. பூங்காவிலும் திடலிலும் பறையும் ஒயிலாட்டமும் இலவசமாகப் பார்க்கலாம். புத்தகக் காட்சி சரியாகப் பொங்கலில் வந்தால் இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்கு ஆகஸ்ட் 29-இல் கொடி ஏறும், செப்டம்பர் 8 வரை காவி உடுத்தி வெறுங்காலோடு நடந்து வருகிறவர்களால் தெற்குச் சென்னைச் சாலைகள் நிறையும். அதை இன்னும் அக்காவுக்குக் காட்டவில்லை. டிசம்பர் திரைப்பட விழா சீசனோடு மோதுவதால் எங்கள் வீட்டில் அது எப்போதும் தோற்றுவிடும்.

சங்கீதம் கொஞ்சமாவது காதில் விழுந்து வளர்ந்தவர்கள், வயதான அம்மா அப்பாவோடு வருகிறவர்கள், உட்கார்ந்து பார்க்க விரும்புகிறவர்கள் எல்லோருக்கும் டிசம்பர் கடைசி வாரம். வாசிக்கிற பழக்கம் உள்ளவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வருகிறவர்களும் ஜனவரியில், ஆனால் தேதி அறிவித்த பிறகு டிக்கெட் எடுங்கள். எதுவுமே தெரியாமல், எந்தத் தயாரிப்பும் இல்லாமல் வந்து இந்த ஊருக்குள் ஒருநாள் கரைந்துபோக வேண்டும் என்கிறவர்களுக்குப் பங்குனிதான். எனக்கு ஒரே ஒரு விழாவுக்குத்தான் இடம் என்றால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். அக்காவிடம் இத்தனை வருடமும் சொல்லாததற்குக் காரணம் அவள் மகளின் பரீட்சைகள்தான்.

மகள் போன வருடம் பிளஸ் டூவை முடித்துவிட்டாள். இந்த ஐப்பசியில் வந்த போனில் கேள்வியும் மாறியிருந்தது. "தம்பி, அறுபத்து மூவர் என்னைக்கு விழுது?" அடுத்த வருடக் காலண்டர் இன்னும் கடைக்கு வரவில்லை. ஆனால் பங்குனி தமிழ் வருடத்தின் கடைசி மாதமாயிற்றே, அலமாரியில் இருந்த பாம்புப் பஞ்சாங்கத்திலேயே உத்திரம் இருந்தது. அதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் வரும், கோயில் பத்திரிகை வந்ததும் சரியாகச் சொல்கிறேன், முத்துநகர் எக்ஸ்பிரஸுக்கு அறுபது நாள் முன்னால்தான் முன்பதிவு திறக்கும் என்றேன். "பழைய செருப்பாப் போட்டுட்டு வா" என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.