மொஹாச்சுக்குப் பதில் கடல்: ஒரு ஹங்கேரிய-ஆங்கிலப் பயிற்சிப் புத்தகத்தோடு சில வருடங்கள்

புடாபெஸ்டில் தேசிய அருங்காட்சியகத்துக்கு எதிரே, முஸேயும் கொருத் சாலையில், பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பெரியவர்களுக்கு நான் எடுக்கும் மாலை நேர ஆங்கில வகுப்பில் வருடக்கணக்காகப் பயன்படுத்தும் பயிற்சிப் புத்தகம் இப்போது அங்கே பாதி விலைக்கும் கீழே இறங்கிவிட்டது. டெப்ரெட்சென் நகரத்துக்கு மருத்துவம் படிக்க வந்து, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்ட தம்பி ஒருவர் இதைக் கேள்விப்பட்டுப் போன் செய்தார். "அண்ணே, என் மச்சினனுக்கு ஒண்ணு வாங்கிக் குடுக்கட்டுமா? நீங்க அதை வச்சுத்தானே பாடம் எடுக்கறீங்க?" என்றார். சட்டென்று பதில் வரவில்லை. அப்போதுதான் வகுப்பு முடித்து வந்திருந்தேன்; அந்தப் புத்தகத்தின் மேல் நல்ல கோபத்தில் இருந்தேன். அதனால் எழுத்தில் சொல்கிறேன்.

புத்தகத்தின் அமைப்பு எளிது. ஹங்கேரிய மொழியில் ஒரு குறும்பான வாசகம், கீழே ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்க ஒரு கோடு, கடைசிப் பக்கங்களில் விடை. பழமொழிகள், பெரிய மனிதர்கள் சொன்னவை, யார் சொன்னதென்றே தெரியாமல் ஊரில் புழங்கும் சாமர்த்தியப் பேச்சுகள் எல்லாம் கலந்திருக்கும்.

ஹங்கேரியர்கள் ஆங்கிலத்தில் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பது பாடம் எடுப்பவர்களுக்கு முன்பே தெரியும். அவனுக்கும் அவளுக்கும் அவர்கள் மொழியில் ஒரே சொல்தான். அதனால் 'ஹீ'யும் 'ஷீ'யும் மாறிக்கொண்டே இருக்கும். 'ஹேவ்' என்று ஒரு வினைச்சொல் கிடையாது. நம்மைப் போலவே 'எனக்கு இருக்கிறது' என்பார்கள். 'அவர் ஆசிரியர்' என்று நாம் நிறுத்திக்கொள்வது போல அவர்களும் 'இஸ்' போடாமல் நிறுத்திக்கொள்வார்கள். எண்ணுக்குப் பின்னால் பன்மை வராது. 'இருந்தால்' என்னும் பாதியிலும் 'இருப்பேன்' என்னும் பாதியிலும் வினை ஒரே நிபந்தனை வடிவத்தில் வரும். அதனால்தான் 'இஃப் ஐ வுட் பி ரிச்' என்ற தவறு இங்கே இவ்வளவு சாதாரணம். இலக்கணப் புத்தகம் இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கும். இந்தப் புத்தகமோ ஒரே ஒரு பாட்டியை வைத்து வேலையை முடித்துவிடுகிறது.

'அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா' என்று நம்மூரில் ஒரு வெட்டு வெட்டுவோமே, அதே இடத்தில் ஹங்கேரியர்கள் சொல்வது: 'என் பாட்டிக்குச் சக்கரம் இருந்தால் அவள்தான் மிஷ்கோல்ட்ஸ் எக்ஸ்பிரஸ்.' மிஷ்கோல்ட்ஸ் வடகிழக்கில் உள்ள ஒரு தொழில் நகரம். வகுப்புக்கு வரும் டிராம் ஓட்டுநர் ஒருவர் இதை முதலில் எழுதியது இப்படி: 'இஃப் மை கிராண்ட்மதர் வுட் ஹேவ் வீல், ஹீ வுட் பி த மிஷ்கோல்ட்ஸ் எக்ஸ்பிரஸ்.' மேலே சொன்ன சிக்கல்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியில் இருக்கிறது. 'ஹேவ்' மட்டும் தானாகச் சரியாக வந்துவிட்டது. முதல் பாதியில் 'வுட்' போய் 'ஹேட்' வர வேண்டும், ஒற்றைச் சக்கரம் பன்மையாக வேண்டும், பாட்டி 'ஷீ' ஆக வேண்டும். ஒவ்வொன்றாக அவரே அடித்துத் திருத்தினார். திருத்தி முடித்துச் சத்தமாகப் படித்தபோதுதான் வகுப்பு சிரித்தது. அதற்குப் பிறகு 'இஃப்' என்று வாயெடுக்கும்போதெல்லாம் அவர் ஒரு நொடி நிற்கிறார், அடுத்த சொல் சரியாக வருகிறது.

குறும்பு வாசகத்தின் பலம் இதுதான். இலக்கணம் சரியாக விழாத வரை சிரிப்பு வராது. நான் சொல்லித் திருத்த வேண்டியதில்லை; வாக்கியமே காட்டிக்கொடுத்துவிடும். வாக்கியம் சின்னது, மனப்பாடம் ஆகிவிடுகிறது, வேலை செய்யும் இடத்தில் யாரிடமாவது எடுத்துவிடத் தோன்றுகிறது. வாயைத் திறக்கக் கூச்சப்படும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்களைப் பேசவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 1989 வரை இங்கே பள்ளிகளில் கட்டாயமாகச் சொல்லிக்கொடுத்தது ரஷ்ய மொழி. அந்தத் தலைமுறைக்கு ஆங்கிலம் என்பது நடுவயதில் வந்து சேர்ந்த சுமை. அவர்களுக்குச் சிரிக்க ஒரு காரணம் கொடுக்கிற புத்தகம் மரியாதைக்கு உரியது. மனதார வாழ்த்துகிறேன்.

கோபம் வருவது கடைசிப் பக்கங்களில்.

அந்த விடைப் பகுதியில் ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரே ஒரு விடைதான். 'இப்படியும் எழுதலாம்' என்று ஓர் இடத்திலும் கிடையாது. ஓர் உதாரணம். 'அவநம்பிக்கைவாதி என்பவன் விவரம் தெரிந்த நம்பிக்கைவாதி' என்று இங்கே ஒரு வாசகம் உண்டு. ஹங்கேரியத்தில் அது நான்கு சொல்லும் ஓர் எழுத்தும்தான். அந்த எழுத்து முன்னால் நிற்கும் 'அ'. ஆங்கிலத்தில் 'எ' என்று நாம் படிக்கும் அதே ஒற்றை எழுத்து ஹங்கேரியத்தில் 'த' என்ற வேலையைச் செய்யும். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் 'அஸ்' ஆகிவிடும். கண் ஏமாறுவதற்கென்றே வாய்த்த இடம் இது. போதாததற்குப் பொதுப்படையாகப் பேசும்போது அவர்கள் வாழ்க்கை, காதல், பணம் எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த 'அ'வைப் போடுவார்கள்; ஆங்கிலத்தில் அங்கெல்லாம் ஒன்றும் போடக் கூடாது. பொன்மொழிகள் பேசுவதே வாழ்க்கை, காதல், பணம் பற்றித்தான் என்பதால் புத்தகத்தின் முக்கால் பங்கு தன்னையறியாமல் இந்த ஒரு நுணுக்கத்தைப் பழக்கிவிடுகிறது. அது எனக்கு எதிர்பாராத சந்தோஷம்.

ஆனால் அவநம்பிக்கைவாதி விஷயத்தில் 'எ பெஸிமிஸ்ட்' என்று தொடங்கினாலும் சரி, 'த பெஸிமிஸ்ட்' என்று தொடங்கினாலும் சரி. இரண்டுமே ஒரு வகை ஆளைப் பற்றிப் பொதுவாகச் சொல்லும் நல்ல ஆங்கிலம். விடைப் பக்கத்தில் 'எ' மட்டும் இருக்கிறது. வகுப்பில் மூத்தவர் ஓய்வுபெற்ற ஒரு கணக்காளர் அம்மா. இங்கே வயதில் மூத்த பெண்களை 'நேனி' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். நேனி 'த' என்று எழுதியிருந்தார், நடுவில் 'இஸ்' போட்டிருந்தார், 'விவரம் தெரிந்த ஆப்டிமிஸ்ட்' என்ற தொடருக்கு முன்னால் 'எ' போட்டிருந்தார். ஹங்கேரியத்தில் இந்த இரண்டுமே இல்லை. அவராகவே யோசித்துச் சேர்த்தவை. அதன் பிறகு பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சிவப்புப் பேனாவால் தன் 'த'வை அடித்து, ஓரத்தில் 'தவறு' என்று எழுதிவைத்தார். வாழ்நாள் முழுக்கக் கணக்கை அச்சிட்ட தாளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தவர்; அச்சில் இருப்பதை நம்பத்தான் செய்வார். சரியாக எழுதியதைத் தவறென்று ஒரு மாணவியை நம்பவைக்கும் புத்தகத்தை என்ன சொல்வது?

தம்பி போன் செய்த அன்று நடந்தது இதைவிடப் பெரிது. ஹங்கேரியர்கள் எதையாவது இழந்துவிட்டு மனதைத் தேற்றிக்கொள்ளும்போது 'மொஹாச்சில் இதைவிட அதிகம் போச்சு' என்பார்கள். 1526 ஆகஸ்ட் 29 அன்று மொஹாச் சமவெளியில் ஆட்டோமான் சுல்தான் சுலைமானின் படையிடம் ஹங்கேரியப் படை நொறுங்கியது. பிஷப்புகளும் பிரபுக்களும் களத்திலேயே மாண்டார்கள். இளம் அரசன் இரண்டாம் லாயோஷ் தப்பி ஓடும்போது ஓர் ஓடையில் மூழ்கி இறந்தான். அந்தத் தோல்விக்குப் பின் நாடு துண்டாகி, நடுப்பகுதி நூறு வருடங்களுக்கும் மேல் ஆட்டோமான் கையில் கிடந்தது. இதையெல்லாம் ஒரு தோள்குலுக்கலில் அடக்கி, பஸ்ஸைத் தவறவிட்டவனிடமும் சொல்லிச் சிரிக்கிறார்கள் பாருங்கள், அதில்தான் இந்த மக்களின் நகைச்சுவையே இருக்கிறது.

நேனியின் பேரன் லண்டனில் வளர்கிறான். அவனுக்கு ஹங்கேரியம் அரைகுறை. அவனோடு பேசத்தான் நேனி ஆங்கிலம் படிக்கிறார். அவர் எழுதியது: 'மோர் வாஸ் லாஸ்ட் அட் மொஹாச்.' ஒரு புள்ளிகூட மாற்ற வேண்டாத ஆங்கில வாக்கியம். செயப்பாட்டு வினை சரி, காலம் சரி, 'அட்' சரி. பின்பக்கத்தில் இருந்த விடை: 'வொர்ஸ் திங்ஸ் ஹேப்பன் அட் ஸீ.' கடலில் இதைவிடக் கேடு நடக்கும் என்று ஆங்கிலேயர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் இந்த நாட்டுக்குக் கடலே கிடையாது. முதல் உலகப் போர் முடிந்து 1920இல் போட்ட த்ரியானோன் ஒப்பந்தத்தோடு இருந்த கடற்கரையும் கைவிட்டுப் போய்விட்டது. மொஹாச் எங்கே போனது, அரசன் எங்கே போனான், விடைப் பக்கம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேனி மறுபடியும் சிவப்புப் பேனாவை எடுத்தார். அடிக்க வேண்டாம் என்று நான் கையைப் பிடிக்காத குறைதான்.

அதே கதைதான் 'பணம் பேசும், நாய் குரைக்கும்' என்ற வாசகத்துக்கும். விடை 'மனி டாக்ஸ்'. நாயைக் காணோம். 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்று நாம் சொல்வதை அவர்கள் குதிரையை வைத்துச் சொல்கிறார்கள், ஆங்கிலேயரும் குதிரைதான். அங்கே மட்டும் பிரச்சினையே இல்லை, எழுதியவரும் விடையும் கைகுலுக்கிக்கொள்கிறார்கள்.

நியாயமாகவும் பேச வேண்டும். ஆங்கிலத்தில் புழங்கும் வழக்கைத் தெரிந்துகொள்வதும் ஒரு படிப்புதான். 'கடலில்' என்று லண்டனில் யாராவது சொன்னால் நேனிக்குப் புரிய வேண்டும். இங்கே அரசு அங்கீகரித்த மொழித்தேர்வுகளில் இருமொழி வகை ஒன்று உண்டு. அதில் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகும் பகுதியும் வரும். ரொம்ப காலம் மொழிச் சான்றிதழ் இல்லாமல் பட்டமே கையில் கொடுக்க மாட்டார்கள். படிப்பை முடித்துவிட்டுப் பட்டத்துக்காகக் காத்துக்கிடந்த பல்லாயிரம் பேருக்கு 2020இல்தான் அரசு விலக்கு கொடுத்தது. அந்த அழுத்தத்தில் படித்தவர்களுக்கு 'ஒரே சரியான விடை' ஒரு நிம்மதி. புத்தகம் போட்டவர்கள் அவர்களை மனதில் வைத்திருக்கலாம். அப்படியானால் 'இதற்கு இணையான ஆங்கில வழக்கு' என்று தலைப்பிட்டிருக்க வேண்டும். 'விடை' என்று போட்டதுதான் குற்றம். ஒரு தலைப்பு, கூட ஒரு வரி, அவ்வளவு செலவில் சரிசெய்திருக்கலாம். அதைச் செய்யாமல் அடுத்த பதிப்பையும் அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள்.

மற்ற குறைகள் சின்னவை. வாசகங்கள் பெரும்பாலும் நிகழ்காலத்தில் இருப்பதால் 'நேற்று என்ன செய்தாய்' என்று கேட்டால் மாணவர்கள் விழிக்கிறார்கள். மருந்துக் கடையில் பேச இது உதவாது. மனைவியையும் மாமியாரையும் இளக்காரமாகப் பேசும் வாசகங்கள் தேவைக்கு மேல் இருக்கின்றன. அவற்றை நான் வகுப்பில் எடுப்பதில்லை.

சென்ற குளிர்காலத்தில் ஒரு வகுப்பு நடந்தது, அதைச் சொல்லாவிட்டால் புத்தகத்துக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். கரிந்தி ஃப்ரிட்யெஷ் இந்த நாட்டின் பெரிய நகைச்சுவை எழுத்தாளர். 1887இல் புடாபெஸ்டில் பிறந்து 1938இல் இறந்தவர். அவர் சொன்னதாக ஊரே சொல்லும் வாசகம் ஒன்று: நகைச்சுவை விஷயத்தில் எனக்கு விளையாட்டே தெரியாது. 'விளையாட்டு தெரியாதவர்' என்றால் ஹங்கேரியத்தில் படு கறாரானவர் என்றும் பொருள். முதலில் எல்லாரும் 'இன் ஹ்யூமர் ஐ டோன்ட் நோ ஜோக்' என்றே எழுதினார்கள். சொல் எல்லாம் இருந்தது, உயிர் இல்லை. வகுப்பு நேரம் முழுக்க அதிலேயே போனது. அகராதி கைமாறிக்கொண்டே இருந்தது. 'கறார்' என்பதைப் பிடித்தால் 'விளையாட்டு' நழுவியது, விளையாட்டைப் பிடித்தால் கறார் நழுவியது. கடைசியில் டிராம் ஓட்டுநர்தான் பக்கங்களைப் புரட்டி ஒரு தொடரைப் பிடித்துக்கொண்டு வந்தார்: 'ஹ்யூமர் இஸ் நோ ஜோக்கிங் மேட்டர்.' 'நான்' போய்விட்டது, ஆனால் கறாரும் விளையாட்டும் ஒரே வரியில் உட்கார்ந்துவிட்டன. விடைப் பக்கத்தில் வேறு ஏதோ இருந்தது. அன்றைக்கு யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. இன்னொரு மொழியின் சாமர்த்தியத்தை ஆங்கிலத்துக்குள் தன் கையாலேயே கொண்டுபோய் வைத்த ஒரு மனிதரின் முகத்தை அன்று பார்த்தேன். அதைக் கொடுத்ததும் இதே புத்தகம்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும், தம்பி, மச்சினனுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். விலை குறைந்ததெல்லாம் ஒரு காரணம் இல்லை. வேலை முடிந்து ராத்திரி தனியாக உட்கார்ந்து படிக்கப் போகிறவர் அவர். பக்கத்தில் 'இது சரிதான், அடிக்காதே' என்று சொல்ல ஆள் இல்லை. உன் மனைவிக்கு ஆங்கிலம் நன்றாக வரும், அவள் கூட உட்கார்ந்தால் யோசிக்கலாம். அவளுக்கு ஏது நேரம். அடுத்த பதிப்பில் விடைப் பகுதியைத் திருத்தினால் நானே வாங்கி அனுப்புகிறேன்.

அதுவரை, வீட்டில் மாமியார் அன்றாடம் பேசும் பழமொழிகளை மச்சினனை எழுதிவைத்துக்கொள்ளச் சொல். அங்கே நிறையக் கிடைக்கும். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சும்மாதான் இருக்கிறேன், பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன். சரியாக இருந்தால் சரி என்று மட்டும் எழுதுவேன்.