வகுப்புக்கு முந்தைய இரவில் ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தத்துவத்தில் முனைவர் பட்டம் படிக்க வருகிறவர்களில் பலருக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. மாதந்தோறும் உதவித்தொகையும் கிடைக்கும். அதற்கு ஈடாக இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். பேராசிரியர் வாரத்தில் இரண்டு நாள் பெரிய அரங்கில் விரிவுரை ஆற்றுவார். அதே மாணவர்களை 25 பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து வெள்ளிக்கிழமைகளில் 50 நிமிட விவாத வகுப்பு எடுப்பதும், அசைன்மென்ட் திருத்துவதும், மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பொறுமையாக விளக்கம் சொல்வதும் டி.ஏ. (டீச்சிங் அசிஸ்டன்ட்) எனப்படும் ஆய்வு மாணவரின் வேலை. மூன்றாவது ஆண்டாக இந்த வேலையைச் செய்கிறேன். என் ஆய்வு அறவியலில். ஆனால் அறிமுகப் பாடத்தில் அறிவாராய்ச்சியியல், மனம், கடவுளின் இருப்பு, விருப்புறுதிச் சுதந்திரம் என எல்லாமே வரும். இதனால் எனக்கே அரைகுறையாகத் தெரிந்த ஒன்றை மறுநாள் காலை நடத்த வேண்டிய நிலை பலமுறை நேர்ந்திருக்கிறது. அத்தகைய வியாழக்கிழமை இரவுகளில் நான் நம்பியிருந்த ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியத்தை, வகுப்பு நடத்துகிறவருக்கு அது எவ்வளவு தூரம் உதவும் என்ற ஒரே கோணத்தில் இங்கே மதிப்பிடுகிறேன்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத் தத்துவ ஆய்வாளர் எட்வர்ட் ஸால்ட்டா 1995 செப்டம்பரில் இரண்டே பதிவுகளுடன் இதை இணையத்தில் தொடங்கினார். இன்று 1,600க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. ஒவ்வொன்றையும் அந்தந்தப் பொருளில் ஆய்வு செய்கிறவரே எழுதுகிறார்; ஆசிரியர் குழு சரிபார்த்த பிறகே அது வெளியாகிறது; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்திப் புதுப்பிக்கவும் வேண்டும். விளம்பரம் இல்லை, வாசிக்கக் கட்டணமும் இல்லை. பல நூலகங்கள் சேர்ந்து அளித்த நிதியும் ஸ்டான்ஃபோர்டின் ஆதரவும் இதைத் தாங்குகின்றன.

இதன் அருமையை எனக்கு உணர்த்தியது ‘அறிவு என்றால் என்ன’ என்ற வாரம். தக்க ஆதாரத்துடன் கூடிய உண்மையான நம்பிக்கையே அறிவு என்ற விளக்கத்தை அமெரிக்கத் தத்துவ அறிஞர் எட்மண்ட் கெட்டியர் 1963இல் மூன்றே பக்கக் கட்டுரையில் கவிழ்த்த கதையைப் பேராசிரியர் விரிவுரையில் சொல்லியிருந்தார். வேலைக்கு விண்ணப்பித்த இருவர், சட்டைப்பையில் பத்து நாணயங்கள் என்று போகும் கெட்டியரின் உதாரணம் துல்லியமானதுதான். ஆனால் காலை ஒன்பது மணி வகுப்பில் அது எடுபடாது. வேறு உதாரணம் தேடி, அறிவைப் பகுத்தாராயும் பதிவை முந்தைய இரவு வாசித்தபோது, கெட்டியருக்குச் சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன்பே, ஏறத்தாழ 770இல், தர்மோத்தரர் என்ற பௌத்த அறிஞர் கொடுத்த உதாரணம் கண்ணில் பட்டது. இறைச்சி சுட யாரோ நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். இன்னும் புகை எழவில்லை. ஆனால் இறைச்சியின் வாடைக்குப் பூச்சிகள் கருமேகம்போல் திரண்டுவிட்டன. தொலைவில் நிற்பவன் அதைப் புகை என்று எண்ணி, ‘அங்கே நெருப்பு எரிகிறது’ என்கிறான். அவன் சொன்னது உண்மை. அவனிடம் காரணமும் இருக்கிறது. ஆயினும் நெருப்பு இருப்பது அவனுக்குத் தெரியும் என்று நாம் சொல்வோமா? மணிமேகலையில் அறவண அடிகள் அளவையியல் சொல்லித் தரும் இடத்திலேயே புகையும் நெருப்பும் அடுக்களையும் வந்துவிடுவதால் நமக்கு இந்த உதாரணத்தின் வாசனை பழகியதுதான். என் மாணவர்களுக்கோ முற்றிலும் புதிது.

வகுப்பு உடனே விழித்துக்கொண்டது. வழக்கமாகக் கடைசி வரிசையில் அமர்ந்து வாயே திறக்காத ஒரு மாணவி கை தூக்கி, “பூச்சிகளை வரவழைத்தது அந்த நெருப்பில் வெந்த இறைச்சிதானே? அப்படியானால் அவனுடைய நம்பிக்கைக்கு நெருப்பே காரணமாக இருந்திருக்கிறது, இல்லையா?” என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று விடை வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். உண்மைக்கும் நம்பிக்கைக்கும் இடையில் பொருத்தமான காரணத் தொடர்பு இருந்தால் அது அறிவாகும் என்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆல்வின் கோல்ட்மன் 1967இல் முன்வைத்த கோட்பாட்டின் வாசலில் அவள் தானாகவே போய் நின்றிருந்தாள் என்பது, அன்று மாலை அதே பதிவின் பிற்பகுதியைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஒரு மாணவரின் கேள்வி அந்தத் துறையின் வரைபடத்தில் எந்த இடத்தில் வந்து விழுகிறது என்று இவ்வளவு விரைவாகக் காட்டக்கூடிய வேறொரு கருவி என்னிடம் இல்லை.

மாணவர்களின் கையில் கொடுக்கும்போது நிலைமை வேறு. முதல் ஆண்டில், ஆர்வக்கோளாறில், அந்தப் பதிவு முழுவதையும் வாசிப்புப் பாடமாகக் கொடுத்தேன். பல பதிவுகள் பத்தாயிரம் சொற்களைத் தாண்டும். ஒரு வாதம், அதற்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு, அதில் ஒரு திருத்தம் என்று அடுக்கிக்கொண்டே போகும் நடை, துறைக்குள் இருப்பவருக்கு நேர்மையாகத் தெரியும். பதினெட்டு வயதில் முதன்முறை தத்துவம் படிப்பவருக்கோ, எவர் சொன்னதும் சரியில்லை, ஆகவே எதைச் சொன்னாலும் சரி என்ற எண்ணத்தையே விதைக்கும். அந்த முறை வந்த அசைன்மென்டுகளில் பாதி, வரிசையாகப் பெயர்களை அடுக்கிய சுருக்கங்களாகவே இருந்தன. சொந்த வாதம் ஒன்றுகூட இல்லை. குறை மாணவர்களுடையதன்று, கொடுத்த என்னுடையது. இப்போது ஒரே ஒரு உட்பிரிவை மட்டும் எண் குறிப்பிட்டுக் கொடுக்கிறேன். முழு அறிமுகம் வேண்டியவர்களுக்கு, ஒவ்வொரு தலைப்பையும் சுமார் ஆயிரம் சொற்களில் முடித்துவிடும் ‘1000-வேர்ட் ஃபிலாசஃபி’ தளம் போதும். ஜேம்ஸ் ஃபீசர் 1995இல் தொடங்கிய இன்டர்நெட் என்சைக்ளோபீடியா ஆஃப் ஃபிலாசஃபி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அதன் நடை இளகியது.

அதிகம் பேசப்படாத இன்னொரு வசதி, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை முழுக் கலைக்களஞ்சியத்தையும் அப்படியே உறையவைத்துச் சேமிக்கும் காப்பகம். சென்ற டிசம்பரில் ஒரு மாணவர் மேற்கோள் காட்டியிருந்த வாக்கியம் பதிவில் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. செயற்கை நுண்ணறிவு கட்டிவிட்ட மேற்கோள் என்று முடிவு செய்து, துறைக்குப் புகார் எழுதவும் உட்கார்ந்துவிட்டேன். கடைசி நேரத்தில் ஏதோ தோன்றி அந்தக் காப்பகத்தின் இலையுதிர்காலப் பதிப்பைத் திறந்தால், அந்த வாக்கியம் எழுத்துப் பிசகாமல் அங்கே இருந்தது. அவர் வாசித்தபின் பதிவு திருத்தப்பட்டிருக்கிறது. எழுதிய மின்னஞ்சலை அழித்தேன். பதிவின் பக்கத்திலேயே உள்ள மேற்கோள் விவரத்தில் எந்தப் பதிப்பு என்பதும் வரும். அதை அப்படியே எடுத்து எழுதும்படி இப்போது முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

குறைகள் உண்டு. பௌத்தத் தத்துவ அறிஞர்களான நாகார்ஜுனர், தர்மகீர்த்தி, இந்திய அளவையியல் ஆகியவற்றுக்குத் தரமான தனிப் பதிவுகள் இருந்தாலும், பொதுத் தலைப்புகளுக்குள் அவர்கள் அழைக்கப்படுவது அரிது. தர்மோத்தரர் அங்கே எதிர்ப்பட்டதே எனக்கு வியப்பாக இருந்தது. பக்க வடிவமைப்பு பழைய காலத்தது; கைபேசியில் நீண்ட பதிவுகளை வாசிப்பது கண்ணுக்கு வேலை. அச்சிடத் தகுந்த பி.டி.எஃப். வேண்டுமானால் ‘நண்பர்கள் சங்கத்தில்’ சிறு ஆண்டுச் சந்தா கட்டிச் சேர வேண்டும். நான் சேர்ந்திருக்கிறேன், வகுப்பில் மடிக்கணினியை மூடிவைக்கச் சொல்கிறவன் கையில் தாளோடு போவதுதானே முறை.