மதுரை–கொழும்பு விமானம்: தீவுகளைப் பார்க்க இடப்பக்க ஜன்னலா, வலப்பக்க ஜன்னலா?

மதுரையிலிருந்து கொழும்புக்குப் பறப்பவர்களில் பலர் ஜன்னல் இருக்கை கிடைத்தாலே போதும் என்று நினைக்கிறார்கள். எந்தப் பக்கத்து ஜன்னல் என்பதுதான் முக்கியம். போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம் என்பதே என் தேர்வு.

காரணம் வரைபடத்திலேயே இருக்கிறது. விமானம் தென்கிழக்கு நோக்கிப் போகிறது. நேர்கோடு போட்டால் கமுதி வழியாகச் சென்று, மூக்கையூருக்கும் வாலிநோக்கத்துக்கும் இடையே கரையைக் கடக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தூத்துக்குடி, வேம்பார், கீழக்கரை, மண்டபம் என்று நான்கு கூட்டங்களாகக் கிடக்கின்றன. கீழக்கரைக் கூட்டத்தில் ஏழு, மண்டபத்தில் ஏழு. இந்தப் பதினான்கும் இடப்பக்கம் விழுகின்றன. தூத்துக்குடியின் நான்கு வலப்பக்கம். வேம்பாரின் மூன்று ஏறக்குறைய பாதைக்குக் கீழேயே வந்துவிடும். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டும் ஏற்கெனவே கடலுக்குள் மூழ்கிவிட்டன. அதைக் கழித்தாலும் இடப்பக்கத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது.

என் அம்மா கீழக்கரையில் பிறந்தவர். ‘அப்பா தீவு’, ‘வாலைத் தீவு’, ‘தலையாரி’ என்று தீவுகளின் பெயர்களை மீனவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர். ஒன்றிலும் கால் வைத்ததில்லை. முதல் பயணத்தில் இடப்பக்க ஜன்னலோரம் உட்காரவைத்தேன். பச்சையும் நீலமுமான ஆழமற்ற நீருக்கு நடுவே வெண்மணல் விளிம்போடு அவை ஒவ்வொன்றாக வந்தபோது, ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்ல முயன்றார். திரும்பும்போதும் அதே இடப்பக்க ‘ஏ’ இருக்கையை முன்பதிவு செய்துவிட்டேன். திசை மாறினால் பக்கமும் மாறும் என்பது எனக்குத் தோன்றவில்லை. வழியெல்லாம் வெறும் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த வருத்தம் இன்னும் எனக்குத் தீரவில்லை. வரும்போது மதுரைக்காக விமானம் இறங்கத் தொடங்கியிருக்கும். கரையை நெருங்கும்போது தீவுகள் இன்னும் அருகில் தெரிந்திருக்கும்.

ராமேஸ்வரத்துக்காக இடப்பக்கம் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாதையிலிருந்து அது எண்பது கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளியிருக்கிறது. வானம் தெளிந்திருந்தால் தொலைவில் ஒரு கோடாகத் தெரியலாம். பாம்பன் பாலத்தையும் சேதுவின் மணல்திட்டுகளையும் நம்பிப் போக வேண்டாம்.

வலப்பக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு: வெயில். காலை விமானத்தில் இடப்பக்கம் சூரியன் முகத்துக்கு நேரே அடிக்கும். கடல் வெள்ளித்தகடாகப் பளபளக்கும், தீவுகள் கறுத்த திட்டுகளாகிவிடும், பவளத்திட்டுகளின் நிறம் போய்விடும். பிற்பகலில் சூரியன் முதுகுப்பக்கம் இருப்பதால் அதே ஜன்னலில் நிறங்கள் எழுந்து வரும். ஆகவே பக்கத்தைவிட நேரத்தை முதலில் தேர்ந்தெடுப்பேன். காலை விமானம் மட்டுமே கிடைத்தாலும் இடப்பக்கத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். வலப்பக்கத்தில் நிறம் துலங்கினாலும் தீவுகள் குறைவு, தூரமும் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் மேகம் மூடினால் எந்தப் பக்கமும் ஒன்றுதான்.

இனி வரிசை. ஏர்பஸ் போன்ற ஜெட் விமானங்களில் நடுவில் உட்கார்ந்தால் கீழே இறக்கைதான் தெரியும். முன்வரிசைக்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். இந்தப் பயணத்துக்கு அது தகும். கடைசி வரிசைகளிலும் பார்வை மறையாது, ஆனால் எஞ்சினின் வெப்பக்காற்று படத்தில் அலையலையாக விழும். புகைப்படம் எடுக்காதவர்கள் அங்கேயே தாராளமாக உட்காரலாம். இறக்கை மேலே அமைந்த ஏடிஆர் விமானமாக இருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

கிளம்பிய கால் மணி நேரத்துக்குள் கரை வந்துவிடும். கமுதியின் சூரிய மின் நிலையம் கருநீலக் கட்டங்களாகக் கண்ணில் பட்டதும் கேமராவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.