ஃபைப்ரோஸ்கேன்: வெறும் வயிற்றில் எடுத்தால்தான் எண்ணை நம்பலாம்

அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டில் ‘ஃபேட்டி லிவர்’ என்று வந்துவிட்டால், அடுத்துத் தெரிய வேண்டியது கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதுதான். ஊசி குத்தாமல், பத்து நிமிடத்துக்குள் அதைச் சொல்லிவிடும் ஃபைப்ரோஸ்கேன், சர்க்கரை நோயும் கொழுப்புக் கல்லீரலும் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்த காசு வீண்போகாத பரிசோதனை.

மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்குப் பின்னால் மடக்கச் சொல்வார்கள். விலா இடுக்கில் ஜெல் தடவி, கருவியின் முனையான ப்ரோபை அழுத்தும்போது லேசாகத் தட்டியது போலிருக்கும்; வலிக்காது. அந்த அதிர்வு கல்லீரலுக்குள் வேகமாக ஓடினால் இறுக்கம் அதிகம்; தழும்பு கூடினால் இறுக்கமும் கூடும். குறைந்தது 10 சரியான அளவுகள் எடுத்து, அவற்றின் மீடியனை, அதாவது வரிசையில் நடுவே நிற்கும் அளவை, இறுக்கத்தின் அலகான கிலோபாஸ்கலில் தருவார்கள்.

இந்த எண் தவறாக வருவதற்குச் சாப்பாடு ஒரு முக்கியக் காரணம். 3 மணி நேரமாவது வயிறு காலியாக இருக்க வேண்டும். சாப்பிட்டதும் குடலுக்கு ரத்தம் பெருகுகிறது. செரித்த சர்க்கரையும் அமினோ அமிலங்களும் போர்ட்டல் சிரை வழியே முதலில் கல்லீரலுக்குத்தான் வருகின்றன. கொழுப்பில் பெரும்பகுதி மட்டும் நிணநீர் வழியே சுற்றிப் போகிறது. வந்த சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேர்த்துவைக்கும் அந்த வேளையில் கல்லீரல் ரத்தம் நிரம்பி விறைத்திருக்கும். அது ரத்தத்தால் வந்த விறைப்பா, தழும்பால் வந்ததா என்று கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. புக்கிங்கின்போதே இதைச் சொல்லாத மையத்தைத் தவிர்ப்பது நல்லது.

ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் என்சைம் எகிறியிருந்தாலும், பித்தக்குழாய் அடைத்திருந்தாலும், இதயம் பலவீனமாகிக் கல்லீரலில் ரத்தம் தேங்கினாலும் எண் பொய்யாக ஏறும். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு இது சரிவராது. உடல் பருத்தவர்களுக்கு எக்ஸ்.எல். ப்ரோப் வேண்டும், இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஐ.க்யூ.ஆர்./மீடியன்; எடுத்த அளவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைச் சொல்லும் விகிதம் இது. இறுக்கம் 7 கிலோபாஸ்கலைத் தாண்டி, இந்த விகிதமும் 30 சதவீதத்துக்கு மேல் போனால் மறுபடி எடுக்கச் சொல்லலாம். கொழுப்புக் கல்லீரலில் 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே என்றால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. அதே ரிப்போர்ட்டில் கல்லீரல் கொழுப்பைக் காட்டும் ‘கேப்’ எண் 300-ஐத் தாண்டியதும் பலர் பதறுகிறார்கள். எடை குறைந்தால் அது இறங்கும். கவலைப்பட வேண்டியது தழும்பைப் பற்றித்தான்.

இதில் படம் வராது. பித்தப்பைக் கல்லும் கட்டியும் தெரியாது என்பதால் அல்ட்ராசவுண்டும் வேண்டும்.

பணம் கட்டுமுன் வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் ஆகிய நான்கையும் வைத்து, தழும்பு வாய்ப்பை மதிப்பிடும் ‘ஃபிப்-4’ எண்ணைக் கணக்கிடச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். 65 வயதுக்கு உட்பட்டவருக்கு 1.3-க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் இந்த ஸ்கேன் உடனே தேவைப்படாது.